ஒரு சட்டி மில்க் டொபி, எட்டு வீட்டுக்குப் பரிசு

டிசம்பர் பள்ளி விடுமுறையில் தொடங்கி நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என்று ஜனவரி நடுப்பகுதி வரை கொழும்பில் கொடுக்கல் வாங்கல் ஓயாது. தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம். மேல்மாடியிலிருந்து நத்தார் கேக் வரும். எதிர்வீட்டிலிருந்து பெருநாளுக்கு வந்த வட்டிலப்பத்துக்கு இன்னும் பதில் செய்யாமல் இருக்கும். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

கை இறுக்கமான வருடத்தில் பத்து வகை செய்யப் பார்க்காதீர்கள். ஒரே பண்டத்தை ஒரே நாளில் ஒரே சட்டியில் செய்து எல்லா வீட்டுக்கும் பங்கிடுங்கள். பல வகை செய்யப் போனால் பாதி பாவித்த எசன்ஸ் போத்தல், கால்வாசி முந்திரிகை வத்தல், ஒரு கரண்டி எடுத்து மூடி வைத்த ஜாம் என்று அலுமாரியில் மிஞ்சும். காசு போய்க் கிடப்பது அந்த மிச்சத்தில்தான். பட்டியல் எழுதும்போதும் ஆட்களை எண்ண வேண்டாம், வீடுகளை எண்ணுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு பொதி போதும்.

எதைச் செய்வது? ரிச் கேக் ருசிதான், ஆனால் ரவை, கஜு, பூசணி தோசி, இஞ்சித் தோசி, முட்டை மஞ்சட்கரு என்று பட்டியல் நீளும், அவணும் வேண்டும். முறுக்கும் பயத்தம் பணியாரமும் எண்ணெயைக் குடிக்கும். மில்க் டொபிக்கு ஒரு அடுப்பும் ஒரு சட்டியும் போதும். முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை. திருவெம்பாவைக் காலத்தில் மரக்கறி மட்டும் சாப்பிடும் வீட்டுக்கும் கொடுக்கலாம், முஸ்லிம் அயலவருக்கும் கொடுக்கலாம். சீனி வருத்தக்காரர் இருக்கும் வீட்டுக்கு வேறு பரிசு கீழே இருக்கிறது.

சாமான்

டின்பால், அதாவது சீனி சேர்த்த கட்டிப்பால், ஒரு டின் (ஏறத்தாழ 390 கிராம்), சீனி 500 கிராம், தண்ணீர் அரைக் கோப்பை (125 மில்லிலீற்றர்), பட்டர் 2 மேசைக்கரண்டி, வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கச்சான் (நிலக்கடலை) 100 கிராம், வனிலா ஒரு தேக்கரண்டி. வனிலா இல்லையென்றால் நான்கு ஏலக்காயைத் தட்டிப் போடலாம். இந்த அளவில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 20 க்கு 25 சென்ரிமீற்றர் தட்டில் ஒன்றரை சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஊற்றி, இரண்டரை சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டினால் 80 துண்டு. வீட்டுக்குப் பத்து என்றால் எட்டு வீடு.

கஜுவுக்குப் பதில் கச்சான் போடுவதால் மட்டுமே செலவில் பெரிய துண்டு குறையும். புறக்கோட்டை நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிற வேலை இருந்தால் பச்சைக் கச்சானை வாங்கி வீட்டில் வறுங்கள். கறுத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். ஒரு பூஞ்சணக் கச்சான் வாயில் பட்டால் முழுத் துண்டும் கசக்கும். பட்டருக்குப் பதிலாக மாஜரின் போடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் டொபியில் வாசனை தருவது பட்டர்தான். இரண்டு கரண்டியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுப்பில்

குறைந்தது மூன்று லீற்றர் கொள்ளும் அடிகனத்த சட்டியை எடுங்கள். பால் கொதிக்கும்போது இரண்டு மடங்காகப் பொங்கும். தொடங்குமுன் தட்டில் பட்டர் பூசி வைத்துவிடுங்கள். பதம் வந்தபிறகு தட்டைத் தேட நேரம் இருக்காது.

சீனியையும் தண்ணீரையும் மெல்லிய தீயில் வைத்து, கொதி வருமுன் சீனி முழுதும் கரைய விட வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து விரலால் தேய்த்துப் பார்த்தால் நறநறக்கக் கூடாது. சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீனியை நனைத்த துணியால் துடைத்து உள்ளே இறக்குங்கள். அங்கே நிற்கிற நாலு பரல் பின்னால் பாகுக்குள் விழுந்தால் அதைச் சுற்றிப் புதுப் பரல்கள் வளரும். டொபி மணல்போல் ஆகும்.

பிறகு டின்பாலை ஊற்றி, நடுத்தரத்துக்கும் குறைந்த தீயில், மர அகப்பையால் அடி தொட்டுக் கிண்டிக்கொண்டே இருங்கள். இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து நிமிடம் பிடிக்கும். தீயைக் கூட்டி நேரத்தைக் குறைக்க நினைத்தால் அடியில் பழுப்புச் செதில்கள் எழும்பும். அப்படி எழும்பினால் அடியைச் சுரண்டாமல், மேலே இருப்பதை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றித் தொடருங்கள்.

நிறம் வெளிறிய வெல்லம்போல் வந்து, அகப்பை இழுத்த வழியில் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்தால் பதம் நெருங்கிவிட்டது. ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். அது கரைந்து பரவினால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலில் உருட்ட வந்து, எடுத்ததும் தளர்ந்து விழுந்தால் 115 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. உருண்டையாகவே நின்று, அழுத்தினால் மட்டும் தட்டையானால் 118 பாகை. கொழும்புக்கு அதுதான் பதம். மழை நாளில் இந்த இரண்டாவது பதத்துக்கு முன்னால் இறக்கவே கூடாது, ஏனென்றால் சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோரத்து வீடுகளில், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம், நேற்று இறுகிய டொபி இன்று ஒட்டுவதற்கு இதுதான் காரணம்.

அடுப்பை அணைத்தபிறகு பட்டர், வனிலா, கச்சான் என்ற ஒழுங்கில் சேருங்கள். வனிலாவைக் கொதிப்பில் ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிற வீட்டுக்கென்றால் கச்சான் போடுமுன் வேறொரு கழுவிய அகப்பையால் அந்தப் பங்கைத் தனித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்த வீட்டில் முதலே கேட்டு வைப்பது நல்லது.

இனி ஒன்றிரண்டு நிமிடம் அடித்துக் கிண்டுங்கள். பளபளப்பு மங்கி, அகப்பை கனக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் தட்டில் கொட்டி, பட்டர் தடவிய வாழையிலைத் துண்டால் அமுக்கிச் சமன்படுத்துங்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கத்தியால் கோடு போட வேண்டும். முழுதாக ஆறிய பிறகு அந்தக் கோட்டிலேயே வெட்டலாம். கோடு போட மறந்து ஆறவிட்டால் துண்டுக்குப் பதில் நொறுங்கல்தான் வரும்.

இறுகவில்லையா? திரும்பச் சட்டியில் போட்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மெல்லக் கரைத்து மீண்டும் பதம் பாருங்கள். அதிகம் இறுகிப் பொடியாகிறதா? அதற்கும் அதே வைத்தியம், தண்ணீர் மட்டும் கால் கோப்பை. கச்சான் கொஞ்சம் நமுத்துப் போகுமே தவிர சாமான் வீணாகாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக வைக்கப் பார்ப்பதுதான் பெரிய பிழை. வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும்.

பொதி

துண்டுகள் முழுதாக ஆறியபிறகே சுற்ற வேண்டும். இளஞ்சூட்டில் சுற்றினால் ஆவி உள்ளே நின்று கடதாசி ஒட்டிக்கொள்ளும். ஒயில் பேப்பரை 9 க்கு 10 சென்ரிமீற்றராக வெட்டி இரு நுனியையும் முறுக்கினால் போதும். பொதிக்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டாம், அழகுப் பெட்டி பல நேரம் உள்ளே இருக்கும் டொபியைவிட விலை கூடிவிடும். ஜாம் போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கவிழ்த்து ஓர் இரவு காயவிடுங்கள். ஊறுகாய் இருந்த போத்தல் மட்டும் வேண்டாம். மூடியின் உட்பூச்சில் அந்த மணம் போகவே போகாது. செய்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். காற்றுப் புகாமல் மூடினால் இரண்டு கிழமை தாராளமாக நிற்கும்.

சீனி வருத்தக்காரருக்கு, பழைய சேலையில் பை

கடைகளில் பொலித்தீன் பைக்கும் காசு கேட்கிற காலம், துணிப்பை யாருக்கும் மிஞ்சாது. பருத்திச் சேலைதான் நல்லது. நைலக்ஸ் தையல் மெசினில் வழுக்கும். சேலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். குதிக்கால் உரசிய கீழ்க்கரைதான் இற்றிருக்கும், அதில் பத்துச் சென்ரிமீற்றரை வெட்டி எறிந்துவிடலாம். மீதியை 45 சென்ரிமீற்றர் அகலத் துண்டுகளாகக் கிழித்தால் ஐந்தரை மீற்றர்ச் சேலையில் பன்னிரண்டு துண்டு வரும். பத்துத் துண்டை இரண்டிரண்டாகச் சேர்த்து மடித்தால் ஐந்து பை. ஒற்றைத் துணியில் தைக்காதீர்கள், ஐந்து கிலோ அரிசிக்குத் தாங்காது. மிஞ்சிய இரண்டு துண்டில் 9 சென்ரிமீற்றர் அகலத்தில் பத்துப் பட்டி வரும். 65 சென்ரிமீற்றருக்கு வெட்டி நான்காக மடித்துத் தைத்தால் பத்துக் கைபிடி. பை கிழிவது எப்போதும் கைபிடி சேரும் இடத்தில்தான். அங்கே நாலு சென்ரிமீற்றர் உள்ளே விட்டு, சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்கும் மறுக்குமாக இன்னொரு தையல் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு நட்சத்திரம்

வெசாக் கூடு கட்டத் தெரிந்த கைக்கு நத்தார் நட்சத்திரம் பெரிய வேலை இல்லை. 60 சென்ரிமீற்றர் நீளம், ஒரு சென்ரிமீற்றர் அகலம் உள்ள மூங்கில் சீவல் பத்து, 12 சென்ரிமீற்றர்க் குச்சி ஐந்து, ரிசு கடதாசி (கூட்டுக்கு ஒட்டும் மெல்லிய நிறக் கடதாசி) மூன்று தாள், நூல், கோதுமைமாப் பசை. கழற்றிப் போட்ட மூங்கில் தட்டி இருந்தால் சீவலுக்குக் காசே இல்லை. கடதாசிக்குப் புறக்கோட்டை மலிபன் வீதி.

பேனாவை எடுக்காமல் ஐந்துமுனை நட்சத்திரம் கீறுவதுபோல ஐந்து சீவலை வைத்து நுனிகளைக் கட்டுங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பின்னிப் போனால் சட்டம் ஆடாது. ஒவ்வொரு சீவலும் மற்றவற்றை நுனியிலிருந்து 23 சென்ரிமீற்றரில் வெட்ட வேண்டும். முன்கூட்டியே அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்தால் நட்சத்திரம் கோணாது. கோணிய நட்சத்திரங்கள் எல்லாம் இந்தக் குறி போடாமல் கண்மட்டத்தில் கட்டியவை. இப்படி இரண்டு சட்டம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உள்ளே உள்ள ஐந்து சந்திகளிலும் குச்சியை முட்டுக் கொடுத்தால் வயிறு எழும்பும். றப்பர் பட்டி பாவிக்க வேண்டாம், வெயிலில் இற்றுவிடும்.

மொத்தம் 22 முகம். பின்பக்கத்து ஐங்கோணத்தை மட்டும் திறந்து விடுங்கள். பல்பு போகவும் சூடு வெளியேறவும் வழி அது. இரண்டு மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த தண்ணீர் ஒரு கோப்பையில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு காய்ச்சினால் பசை. பூச்சி அரிக்காதிருக்கத் துருசு சேர்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் வேண்டவே வேண்டாம். பசையைக் கடதாசியில் பூசாமல் சீவலில் பூசுங்கள், இல்லாவிட்டால் ரிசு ஊறிக் கிழியும். காய்ந்தபின் சுருக்கம் தெரிந்தால் தண்ணீரை மெல்லத் தெளித்து விடுங்கள். காயும்போது கடதாசி தானாக இறுகும். சிவப்பு சாயம் விடும், ஆகையால் முதலில் ஒரு துண்டில் தெளித்துப் பாருங்கள். உள்ளே ஐந்து வோட் எல்.ஈ.டி. பல்புக்கு மேல் வேண்டாம், மெழுகுதிரி அறவே கூடாது. மழைச்சாரல் படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

ஒரு பின்னேரம் வெளியே

கோட்டையிலிருந்து கல்கிசைக்கு மூன்றாம் வகுப்பு ரயில் ரிக்கற்றைவிட மலிவான உல்லாசம் கொழும்பில் இல்லை. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளம் கடலோடு ஒட்டிப் போகும். போகும்போது வலப்பக்க யன்னல். டிசம்பரில் ஆறு மணியளவில் பொழுது படும், அதனால் மூன்றரைக்கு முன் ஏறுங்கள். வேலை நாளில் நாலரைக்குப் பிறகு கந்தோர் முடிந்த சனம் ஏறினால் பிள்ளைகளோடு நிற்கக்கூட இடம் கிடைக்காது. எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை என்பதால் ரிக்கற் எடுக்கும்போதே கேளுங்கள். அவித்த கச்சானும் தண்ணீர்ப் போத்தலும் கையில் இருந்தால் கடற்கரையில் பேர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

நத்தார் முடிந்தபிறகும் பாலன் குடில் பார்க்கப் போகலாம். கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயமும் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும் கிட்டக் கிட்டத்தான், ஒரே பின்னேரத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமை சனம் நிறையும். குடில் பார்க்க வேறு நாள் வசதி. கல்கிசைக்குப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு. கல்கிசையிலிருந்து திரும்பும் ரயிலைத் தவறவிட்டால் காலி வீதிக்கு ஏறி 100 அல்லது 101 பஸ்ஸைப் பிடியுங்கள், இரண்டும் புறக்கோட்டைக்கே வரும்.