வைனில் புரோகிராம் பொத்தென்று விழுந்தால் எங்கே பார்ப்பது

விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் டபுள் கிளிக் செய்கிறீர்கள், ஒரு விண்டோ மின்னி மறைகிறது, அவ்வளவுதான். உடனே, விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டித்தரும் வைனை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவோம். நானும் ரொம்ப நாள் அதைத்தான் செய்தேன். ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் பழைய குப்பையெல்லாம் ஹோமில் புள்ளியில் தொடங்கும் '.வைன்' என்ற மறைந்த ஃபோல்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கும், வைனை நீக்கினாலும் அது போகாது.

அதனால் முதலில் புது பிரிஃபிக்ஸ் ஒன்று போடுங்கள். அந்த புரோகிராமுக்கென்று தனி சி டிரைவ், தனி ரெஜிஸ்ட்ரி, அதுதான் பிரிஃபிக்ஸ். வைன்பிரிஃபிக்ஸ் என்கிற என்விரான்மென்ட் வேரியபிளில், பெயர் முழுக்க கேபிடலில், இதுவரை இல்லாத ஒரு ஃபோல்டரின் பெயரைக் கொடுத்து வைனின் செட்டிங்ஸ் விண்டோவான வைன்சிஎஃப்ஜியை ஓட்டினால் அதுவே உருவாக்கிக்கொள்ளும். அட்மின் அதிகாரத்தோடு ஓட்டும் சூடோ மட்டும் வேண்டாம், ஃபைல்கள் ரூட் என்ற அட்மின் கணக்கின் பெயருக்குப் போய் அப்புறம் வேறு தலைவலி.

இனி டபுள் கிளிக்கை மறந்துவிட்டு டெர்மினலிலிருந்து ஓட்டுங்கள். மழை மாதிரி வரிகள் கொட்டும், பயப்பட வேண்டாம். 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்குபவை வைனை எழுதுகிறவர்கள் இந்த இடம் இன்னும் முடியவில்லை என்று தங்களுக்கே வைத்துக்கொண்ட குறிப்புகள், நன்றாக ஓடும் புரோகிராமிலும் வரும். நீங்கள் தேட வேண்டியது 'எர்' என்று தொடங்கும் வரிகளை, அதிலும் முதலாவதை. கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தேடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் அது பெரும்பாலும் விளைவுதான், காரணம் மேலே எங்கேயோ இருக்கும்.

சி0000135 என்று வந்தால் புரோகிராமுக்குத் தேவையான ஏதோ ஒரு டிஎல்எல், அதாவது துணை ஃபைல், கிடைக்கவில்லை, எது என்று அதை ஒட்டியே எழுதியிருக்கும். பழைய புரோகிராம்கள் பலவும் எம்எஃப்சி42 என்ற டிஎல்எல்லைக் கேட்கும், இப்படிப்பட்டவற்றை வைனில் நிறுவித்தரும் வைன்டிரிக்ஸில் அதே பெயரில் இருக்கிறது, அதே பிரிஃபிக்ஸுக்குள் நிறுவினால் போதும். கண்ட தளத்திலிருந்து டிஎல்எல் இறக்கி சிஸ்டம்32-இல் போடாதீர்கள். கெர்னல்32, என்டிடிஎல்எல் போன்றவை வைனின் உயிர்நாடி, அவற்றை விண்டோஸிலிருந்து கொண்டுவந்து மாற்றினால் அந்த பிரிஃபிக்ஸில் இருக்கும் மற்ற புரோகிராம்களும் ஓடாமல் போகலாம்.

சி0000005, அதாவது பேஜ் ஃபால்ட், கொஞ்சம் கஷ்டம். தொடக்கூடாத மெமரியை புரோகிராம் தொட்டிருக்கிறது, ஏன் என்று அந்த எண் சொல்லாது. வைன்சிஎஃப்ஜியில் விண்டோஸ் பதிப்பை எக்ஸ்பி அல்லது 7 என்று மாற்றிப் பாருங்கள். 3டி வரும் இடத்தில் மட்டும் விழுந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் போங்கள், விண்டோஸின் 3டி முறையான டைரக்ட்3டியை வல்கன் என்ற வேறொரு கிராஃபிக்ஸ் முறைக்கு மாற்றித்தரும் டிஎக்ஸ்விகே போட்டிருந்தால் அதற்கு வல்கன் வேண்டும், பழைய கார்டில் வல்கன் இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு வைனின் சொந்த டைரக்ட்3டியோடு ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ஐந்தை ஒரேயடியாக மாற்றி ஓடிவிட்டால் எதனால் ஓடியது என்று உங்களுக்கே தெரியாது, அடுத்த அப்டேட்டில் விழும்போது மறுபடி ஆரம்பத்திலிருந்து. இடையில் எங்காவது தொங்கி நின்றால் வைனுக்குப் பின்னால் ஓடும் வைன்சர்வருக்கு '-கே' கொடுங்கள், அந்த பிரிஃபிக்ஸில் ஓடுவது எல்லாம் நின்றுவிடும்.

லைசென்ஸுக்காக யூஎஸ்பியில் செருகும் டாங்கிளைக் கேட்கும் புரோகிராம்களில் மட்டும் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். டாங்கிளின் டிரைவர் பெரும்பாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார வேண்டியது, வைனில் அந்த கெர்னலே இல்லை. நண்பர் ஒருவரின் அச்சகத்துக்காக இப்படி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். கடைசியில் வெர்ச்சுவல் மெஷினில் விண்டோஸைப் போட்டு டாங்கிளை அதன் பக்கம் திருப்பிவிட்டதும் ஓடியது.