குடிநோயின் மரபையும் வளர்ப்பையும் ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளுக்கு வினாத்தாளோடு வரும் புதிய ஆய்வு மாணவர்கள், நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே மறுபடியும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மாதிரிக் குழாயில் எண்ணை மாற்றி ஒட்டுவது போன்றவற்றை வழிகாட்டியே திருத்திவிடுவார்.

"அப்பா குடிப்பாரா?" என்பதோடு நிறுத்துவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. நாற்பதை நெருங்கிய கவாத்துத் தொழிலாளி ஒருவர், "அப்பா குடிச்சாருங்க, ரத்தத்திலேயே ஓடுது" என்றார். 'குடும்ப வரலாறு உண்டு' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குச் சென்றபோது அவருடைய பெரியம்மா வந்திருந்தார். அவரை மூன்று வயதிலிருந்து கூடலூரில் தானே வளர்த்ததாகவும், அந்த வீட்டில் யாரும் குடித்ததில்லை என்றும், பதினாறு வயதில் பச்சைத் தேயிலை லாரியில் வேலைக்கு ஏறிய பிறகே பழக்கம் தொற்றியதாகவும், அடுப்பில் டீத்தண்ணீர் கொதிக்கக் கொதிக்கச் சொன்னார். அதை எழுத என் படிவத்தில் இடமே இல்லை. அதுவரை எடுத்த நேர்காணல்கள் அனைத்திலும் பெற்றவர் யார் என்பது இருந்தது, வளர்த்தவர் யார் என்பது இல்லை. ஓராண்டு உழைப்பு வீணாயிற்று. திரும்பப் போய்க் கேட்பதற்குள் பலர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டனர்.

குடிக்கும் தந்தை மகனுக்கு மரபணுவோடு வீட்டையும் சேர்த்தே தருகிறார். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவே அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் குட்வின் குழுவினர், பிறந்த ஆறு வாரத்துக்குள் பெற்றோரைப் பிரிந்து தத்துப்போன டென்மார்க் ஆண்களை ஆராய்ந்து 1973இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றெடுத்தவரில் ஒருவர் குடிநோயாளியாக இருந்தவர்களிடம் அந்நோய், அப்படி இல்லாத தத்துப்பிள்ளைகளைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு காணப்பட்டது. குடிநோயில் மரபின் பங்கு சுமார் 50 விழுக்காடு என்று இரட்டையர் ஆய்வுகள் தரும் கணக்கும் மக்களிடையே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றியதே தவிர, ஒரு தனி மனிதரின் குடியில் பாதி மரபணுவால் வந்தது என்று அதற்குப் பொருளல்ல.

முதன்முதலில் குடித்த வயது

நேராகக் கேட்டால் 15 என்றோ 20 என்றோ முழு எண்ணாகச் சொல்வார்கள். பள்ளியை விட்டதற்கு முன்பா, 2009 நவம்பர் மண்சரிவுக்குப் பிறகா என்று கேளுங்கள். சிறுவயதில் தொடங்கியதுதான் நோய்க்குக் காரணம் என்று உடனே எழுதிவிடவும் கூடாது. இரண்டுக்கும் அடியில் குடும்பவழி வரும் ஒரே நாட்டம் இருக்கக்கூடும்.

ஒற்றை மரபணுவைத் தேடுவது

குடிநோயோடு தொடர்புடையதாக 1990இல் பெரிதும் பேசப்பட்ட மாறுபாடு, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் ஏற்பிக்கான மரபணுவில் அல்ல, அதன் பக்கத்து மரபணுவில் இருப்பதாகப் பின்னர் தெரியவந்தது.

ஒப்புதல்

மேஸ்திரி நிற்கும் இடத்தில் வாங்காதீர்கள்.