பேதி: பாக்கெட்டைப் பிரிக்கும்போதே நடக்கும் தவறு

குழந்தைக்கு வயிற்றாலே போகிறது என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எதைக் கொடுத்தா நிக்கும்?" தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு வரும் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது. சில நாட்களில் தானே அடங்கும். அதுவரை உடம்பிலிருந்து வடிகிற நீரும் உப்பும்தான் ஆளைச் சாய்க்கின்றன. அதை ஈடுகட்டத்தான் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொடி.

அதைக் கலக்குவதில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். ஏறக்குறைய 21 கிராம் எடையுள்ள பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. "பிள்ளை அவ்வளவா குடிக்கப்போகுது?" என்று கண்ணளவாகக் கொஞ்சம் பொடியை டம்ளரில் தட்டிவிட்டு, மீதியை ரப்பர் பேண்ட் சுற்றி அலமாரியில் வைப்போம். கரைசல் கெட்டியாகிவிட்டால் குடல் நீரை உறிஞ்சாது. உடம்பில் இருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். பேதி கூடும், ரத்தத்தில் சோடியமும் ஏறும். முழுப் பாக்கெட்டையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுங்கள். மனசு கேட்காதவர்களுக்கு 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் இருக்கிறது.

மருந்துக் கடையில் ஸ்ட்ராவோடு விற்கும் ஆரஞ்சுச் சுவைப் பெட்டி வேறு சரக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். பெட்டிப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை அதைவிட மிக அதிகம். 2025 அக்டோபரில்தான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., இந்தப் பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக்கூடாது என உத்தரவிட்டது.

குடித்ததை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வயிற்றைக் காயப்போடவும் வேண்டாம். இட்லி, குழைந்த மோர் சாதம் போதும். டாக்டர் எழுதித் தந்த ஜிங்க் மருந்தை, பேதி நின்றுவிட்டதே என்று மூன்றாம் நாளே மூடி வைக்காதீர்கள். 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்குவது வீண். வைரஸை அது தொடாது. பேதியைக் கட்டும் லோபரமைடு குழந்தைகளுக்குக் கூடாது. மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் பெரியவர்களுக்கும் ஆகாது.

தொண்டையில் சோறு சிக்கிவிட்டது என்று தொக்கம் எடுக்க அலைவதும் இன்னும் ஓயவில்லை. அப்படிச் சிக்கிய சோறு பேதியை உண்டாக்காது. அந்த அலைச்சலில் போவது நேரம். கண் குழிந்து, நாக்கு வறண்டு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், குடிக்கவும் தெம்பில்லாமல் பிள்ளை துவண்டு கிடந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். பிள்ளையால் விழுங்க முடிகிறதென்றால் வழியிலும் ஸ்பூனை நிறுத்தாதீர்கள்.