கேஸ் ஷீட்டில் இடமில்லாததை எழுதும் முறை

பி.பி., நாடி, மருந்து கொடுத்த நேரம், ஹேண்டோவர் நோட்டு என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ஒரே டூட்டியில் எழுதுவது கொஞ்சநஞ்சமல்ல. இங்கே செட்டிநாட்டில், மலேசியாவில் இருக்கும் மகன் வந்து இறங்குமுன் ஓர் ஆச்சி கண்ணை மூடிவிட்டால், அதையும் நேரம் போட்டு எழுதியாக வேண்டும். கட்டிலருகே நின்ற சிஸ்டருக்கு உள்ளே என்ன ஆனது என்று எழுதத்தான் கேஸ் ஷீட்டில் கட்டம் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர் ரீட்டா சரோன் 1990களில் தம் மாணவர்களை இதற்கென்றே இன்னொரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இந்த நோட்டு தாங்கிப்பிடிக்கப் பார்ப்பது பணிச்சோர்வை (பர்ன்அவுட்). அது ஒரு நோயல்ல, வேலையால் வரும் நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. தீராத அசதி, வேலையில் ஒட்டாமை, ‘நாம செஞ்சு என்ன ஆகப்போகுது’ என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். எழுத்து கைகொடுப்பது பின்னிரண்டுக்குத்தான். அசதிக்குத் தூக்கமும் லீவும் வேண்டும். ரோஸ்டரைச் சரிசெய்யாமல் நோட்டு மட்டும் வாங்கிக் கொடுத்தால், அந்த நோட்டைக் கண்டாலே எரிச்சல்தான் வரும்.

தேவை ஒரு 80 பக்க நோட்டும் பேனாவும். செல்போனில் எழுதவேண்டாம், வீட்டில் யார் கையில் அது இருக்கும் என்று சொல்லமுடியாது. நைட் டூட்டி முடிந்த கையோடும் எழுதவேண்டாம். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து மாலையில் உட்காருங்கள். மனதை உலுக்கிய சாவு என்றால் சில நாள் ஆறட்டும். அலாரம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வின் அளவு இதுதான். எழுதி முடித்ததும் மனம் முன்னைவிடக் கனப்பது சகஜம். அதனால் படுக்கப்போகுமுன் எழுதாதீர்கள். எழுதியபின் பத்து நிமிடம் சும்மா இருங்கள்.

முதல் நாள் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: கண் பார்த்தது, காது கேட்டது, கையில் என்ன இருந்தது. ‘எக்ஸ்பயர் ஆயிட்டாங்க’ என்ற வார்டுப் பேச்சு இங்கே வேண்டாம். வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே ‘செத்துப்போச்சு’ என்று எழுதுங்கள். ஒப்பாரி பாடித் துக்கம் ஆற்றிய ஊர் இது, அந்தச் சொல்லுக்கு இங்கே வெட்கமில்லை. இரண்டாம் நாள், வெளியே சொல்லமுடியாதது: உடன் வந்தவர் மீது வந்த கோபம், ‘சீக்கிரம் முடிஞ்சிட்டா தேவலை’ என்று ஒரு நொடி தோன்றியது. மூன்றாம் நாள் ‘நான்’ என்பதை எடுத்துவிட்டு ‘அவள்’ என்று போட்டு அதே சம்பவத்தை எழுதுங்கள். நான்காம் நாள் ‘ஏன்’, ‘அதனால்’ என்ற சொற்கள் வரட்டும். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இந்தப்பக்கம் என் கையில் இருந்தது, அந்தப்பக்கம் இல்லாதது. செட்டிநாட்டில் பற்று வரவு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தொகை நேராக வேண்டும் என்று ஒரு சாவில் வரவைத் தேடாதீர்கள்.

இரண்டு நாளாக ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், மனம் செக்கு சுற்றுகிறது என்று பொருள். மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் உடனே ‘அவள்’ ஆக்கி எழுதுங்கள். நெஞ்சு படபடத்தால் பேனாவை வைத்துவிட்டு வேறு விஷயத்தை எழுதுங்கள்.

சிக்கல் ஆள் அடையாளத்தில்தான். பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது இங்கே செல்லாது. நகரத்தார் குடும்ப விலாசமாகப் போடும் இரண்டு முன்னெழுத்து, எந்தக் கோயிலைச் சேர்ந்த பங்காளி, மகன் எந்த நாட்டில், இதில் ஒன்று வெளியே வந்தாலும் பள்ளத்தூரில் இருந்துகொண்டே கோட்டையூர் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வயது, ஆணா பெண்ணா, ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். நோய் அபூர்வமானதாக இருந்தால் அதையும். உங்களுக்குள் நடந்ததை மட்டும் மாற்றாதீர்கள்.

எழுதியதை நாலு பேரிடம் சொல்ல விரும்பினால் மாதம் ஒருமுறை, 6 முதல் 8 பேர், முக்கால் மணி நேரம். வார்டுக்கு வெளியே, யார் வீட்டுத் திண்ணையாவது உத்தமம். டாக்டரும் தூய்மைப் பணியாளரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரவேண்டும். டாக்டருக்கு மட்டும் நாற்காலி போட்டால் அன்றே கூட்டம் முடிந்தது. ஒருவர் 5 நிமிடம் படிப்பார். கேட்பவர்கள் ‘அந்த நேரத்துல என்ன பாத்தீங்க?’ என்ற மாதிரி கேள்வி மட்டும் கேட்கலாம். அறிவுரை கூடாது. ‘எங்க காலத்துல இதைவிட...’ என்று ஆரம்பிக்கும் மூத்த சிஸ்டரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவைப்பது நல்லது. பிரசவத்தில் நேர்ந்த சாவின் காரணத்தை ஆராயும் மகப்பேறு மரணத் தணிக்கைக் கூட்டம் வேறு, இது வேறு. கலந்தால் அடுத்த மாதம் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். குறிப்பு எடுப்பதில்லை, போட்டோ இல்லை, வாட்ஸ்அப்பில் போடுவதில்லை.

வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அதிர்ச்சி நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் பேசவைப்பதால் பலன் கிடைத்ததாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. சிலருக்கு அது கெடுதலாகவே முடிந்திருக்கிறது.

இரண்டு வாரம் தூக்கம் பிடிக்காவிட்டால், குடி கூடினால் எழுத்தை நம்பிக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாமா என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நோட்டு தீர்ந்ததும் வைத்திருப்பதும் கிழித்து வெந்நீர் அடுப்பில் போடுவதும் உங்கள் இஷ்டம். டூட்டி அறை லாக்கரில் மட்டும் வைக்காதீர்கள். அதற்கு இன்னொரு சாவி எங்கேயாவது இருக்கும்.