பெண் ஃபைட்டரை மற்ற மீன்களோடு விடும்போது செய்யக் கூடாத தவறுகள்

பெட்டா என்றும் சொல்லப்படும் ஃபைட்டர் மீனில் ஆண்தான் சண்டை போடும், பெண் சாது என்று நம்பி விடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பெண் பெட்டாவும் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செவுளை விரித்து மிரட்டும், துரத்தும், துடுப்பைக் கடிக்கும். ஆணைவிடப் பொறுமை பொதுவாகக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்தப் பொறுமையும் மீனுக்கு மீன் மாறும். நான் வளர்த்த இரண்டில் ஒன்று கோரிடோரஸ் மீன்களுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்னொன்று நத்தையின் கொம்பைக்கூட விட்டு வைக்கவில்லை.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். குட்டை வால் ஆண்களைப் பெண் என்று நினைத்து வாங்கி வருவது அடிக்கடி நடக்கிறது. பெண்ணுக்கு வயிற்றுத் துடுப்புகளுக்குப் பின்னால், அடிப்பக்கத்தில், உப்பு மணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். இளம் ஆண்களிடமும் சில சமயம் அது தெரிவதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். செவுளை விரிக்கும்போது அடியில் தாடி போலப் பெரிதாகத் தொங்கினால் பெரும்பாலும் அது ஆண்தான்.

துணை மீன்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். அழகாக இருக்கிறது என்று ஆண் கப்பியைச் சேர்க்கிறோம். அதன் விரிந்த வண்ண வாலைப் பார்த்து பெட்டா அதை எதிரியாகவே நினைத்துவிடலாம். கௌராமி பெட்டாவின் குடும்பத்தையே சேர்ந்தது; அதுவும் மேல்மட்டத்தில் வந்து காற்றைச் சுவாசிக்கும். இரண்டுக்கும் ஒரே இடம் வேண்டும், அப்புறம் சண்டைதான். டைகர் பார்ப், செர்பே டெட்ரா விஷயத்தில் கதை தலைகீழ்: அவைதான் பெட்டாவின் துடுப்பைக் கொத்தும். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த நீர் பிடிக்கும். பெட்டாவுக்கு 25 முதல் 27 டிகிரி வரை வெதுவெதுப்பு வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நீரில் வைத்தால் ஏதோ ஒன்று வதைபடும்.

பொருந்துகிறவை என்றால், தரையோடு திரியும் கோரிடோரஸ், குஹ்லி லோச், நடுமட்டத்தில் கூட்டமாக நீந்தும் ஹார்லெக்வின் ரஸ்போரா, எம்பர் டெட்ரா. இவற்றை ஒன்றிரண்டாக வாங்காதீர்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஆறாவது இருந்தால்தான் பயமில்லாமல் இருக்கும். செர்ரி இறாலை விடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: குஞ்சுகள் இரையாகும் என்று தெரிந்தே விடுங்கள்.

பெண்கள்தானே என்று இரண்டு மூன்று பெண் பெட்டாக்களை ஒன்றாக விடுவதும் ஆபத்து. ஒன்று ஆதிக்கம் செலுத்த, மற்றது மூலையில் ஒடுங்கிச் சாப்பிடாமல் மெலியும். ஐந்துக்கு மேல், பெரிய தொட்டியில், அடர்ந்த செடிகளோடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் அமைதியாக இருந்த அந்தக் கூட்டமும் ஒரே நாளில் கலைந்து ஒன்றையொன்று கிழித்துக்கொள்வது உண்டு. கலப்புத் தொட்டிக்கு ஒரு பெண் போதும் என்பேன்.

தொட்டி 60 லிட்டருக்குக் குறையக் கூடாது. 75 இருந்தால் நிம்மதி. உயரமான தொட்டியைவிட நீளமானது நல்லது. மூச்சுக்காக அடிக்கடி மேலே வர வேண்டிய மீன் இது. இதே காரணத்தால் வேகமாகத் தண்ணீரைத் தள்ளும் ஃபில்டரும் சரிப்படாது, பஞ்சு ஃபில்டர் போதும். மூடி கட்டாயம், ஏனென்றால் துள்ளும். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

மீன்களை விடும் வரிசையையும் பலர் யோசிப்பதில்லை. பெட்டாவை முதலில் விட்டால் முழுத் தொட்டியும் அதற்குச் சொந்தமாகிவிடும். பின்னால் வருகிற ஒவ்வொன்றும் அத்துமீறி நுழைந்ததாகத்தான் அதற்குத் தெரியும். மற்றவை பழகிய பிறகு கடைசியாக பெட்டாவை விடுங்கள். அதற்கு முன் தொட்டி பழுத்திருக்க வேண்டும், அதாவது மீன் கழிவின் நச்சைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில் வளர்ந்திருக்க வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். புது மீன் எதுவானாலும் இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் பெரும்பாலும் புது மீனோடுதான் உள்ளே வருகிறது.

தீனியில் பெட்டா பேராசைக்காரி. கோரிடோரஸுக்குப் போட்ட உருண்டையையும் விழுங்கி வயிறு வீங்கி நிற்கும். விளக்கை அணைத்த பிறகு கீழ்மட்ட மீன்களுக்குப் போட்டால் இது குறையும்.

விட்ட முதல் இரண்டு மூன்று நாள் தொட்டியை நன்றாகக் கவனியுங்கள். பெட்டாவின் உடலில் நீளவாக்கில் கோடுகள் தெரிந்தால் அது பயந்திருக்கிறது. மேலிருந்து கீழாகப் பட்டைகள் தெரிந்தால் பயமில்லை, இனப்பெருக்கத்துக்குத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு துரத்தலோடு நின்றால் விட்டுவிடலாம். ஒரே மீனை விடாமல் விரட்டினாலோ, துடுப்பு கிழிந்தாலோ பெட்டாவை அன்றே வெளியே எடுங்கள். அதற்கு ஹீட்டரும் பஞ்சு ஃபில்டரும் உள்ள ஒரு 20 லிட்டர் தொட்டி முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பக்கெட்டில் விட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பெட்டாவுக்கு நாம் செய்யும் கொடுமை.