கர்ப்பகால அரிப்பு: தடிப்பு இல்லையென்று சும்மா இருந்துவிடாதீர்கள்

வயிற்றுத் தோல் விரியும்போது அரிப்பது சகஜம்தான். ஆனால் எல்லா அரிப்பையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவதுதான் பெரிய தவறு. ஏழாம் மாதத்துக்கு மேல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, இரவில் தூக்கம் போகிற அளவுக்குக் கூடினால், தோலில் தடிப்பே இல்லாவிட்டாலும் கல்லீரலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பித்தநீர் சரியாக வடியாமல் பித்த அமிலங்கள் ரத்தத்தில் தேங்கும் கோளாறு இது. நகம் பட்ட கீறல்களைப் படை என்று நினைத்து, கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசினால் நாள்தான் வீணாகும்.

அடுத்த செக்கப் வரை தள்ளிப்போடாமல், ஓரிரு நாளில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எல்.எஃப்.டி எனும் கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்தால் போதாது. பித்த அமில அளவும் வேண்டும். (எல்.எஃப்.டி.யில் ஏ.எல்.பி. என்ற நொதி மட்டும் கூடியிருந்தால் பதற வேண்டாம். நஞ்சுக்கொடியும் அதைச் சுரப்பதால் கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும். பார்க்க வேண்டியது ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதியை.)

முதல் ரிப்போர்ட் நார்மல் என்றதும் பலர் விட்டுவிடுகிறார்கள். பித்த அமிலம் ஏறுவதற்குச் சில வாரம் முன்பே அரிப்பு தொடங்கலாம். அரிப்பு நீடித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். சாப்பிட்ட பின் எடுத்தாலும் பித்த அமில அளவு லிட்டருக்கு 19 மைக்ரோமோலுக்கு மேல் போகக் கூடாது. 100ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் தெளிவாகக் கூடுவதால், 35–36 வாரத்தில் பிரசவம் பார்ப்பது பற்றி மருத்துவர் பேசுவார்.

உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை சிலருக்கு அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும். குழந்தைக்குள்ள அபாயத்தை அது குறைப்பதாக 2019ல் வெளியான பெரிய ஆய்வில் தெரியவில்லை. எனவே அரிப்பு அடங்கியதும் ரத்தப் பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள். வெந்நீர்க் குளியல் அரிப்பைக் கூட்டும்; குளிர்ந்த நீரும் மெந்தால் கலந்த கிரீமும் சற்று ஆறுதல் தரும்.

குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வாந்தியோடு மேல்வயிறு வலித்தாலோ அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தொப்புளைச் சுற்றித் தொடங்கும் கொப்புளம் வேறொரு நோயாக இருக்கலாம். அதையும் காட்ட வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் அரிப்பு தானாகவே போய்விடும். ஆனாலும் நான்கு வாரம் கழித்து எல்.எஃப்.டி.யை ஒருமுறை பாருங்கள். கருத்தடை மாத்திரை கேட்கும்போதும், அடுத்த முறை கருத்தரிக்கும்போதும் இந்த விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள். திரும்ப வர வாய்ப்பு அதிகம்.