பிள்ளை பார்க்காவிட்டால்: கோட்டாட்சியருக்கு மனு எழுதும் முறை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வயசானவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர். வருகிற அம்மாமார் எடுத்த எடுப்பில் கேட்பது, "பெத்த பிள்ளை மேலேயே பிராது குடுக்கவா தாயி?" என்றுதான். இது போலீஸ் கேஸ் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதில் உங்களுக்குச் சேரவேண்டியதைத்தான் கேட்கிறீர்கள். இதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

சொந்த வருமானத்திலும் சொத்திலும் காலம் தள்ள முடியாத தாய், தகப்பன் யாரும் கேட்கலாம். பெற்றோருக்கு 60 வயசு நிறைந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்கினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

யார் மேல் கொடுப்பது? மகன், மகள், மேஜரான பேரன், பேத்தி. கட்டிக்கொடுத்த மகளுக்கும் பொறுப்பு உண்டு. 1987-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. மருமகள் இந்தப் பட்டியலில் வரமாட்டார். ஆனால் என்னிடம் வரும் கைப்பட எழுதிய தாள்களில் முக்கால்வாசி மருமகளைப் பற்றித்தான் இருக்கும்: குழம்புச் சட்டியை மறைத்தது, டிவியை அணைத்தது, பேரனைப் பேசவிடாதது. மனசு ஆற அதை என்னிடம் சொல்லுங்கள், கேட்கிறேன். மனுவில் மகன் பெயர் வரட்டும்.

ராமேஸ்வரம், ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிக்காரர்கள் ராமநாதபுரம் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) கொடுக்க வேண்டும். சாயல்குடி, மூக்கையூர் எல்லாம் கடலாடி தாலுகா என்பதால் பரமக்குடி கோட்டாட்சியர். பிள்ளை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை. நடக்க முடியாதவர் சார்பில் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவர் கொடுக்கலாம்.

இனி மனு. "மகன் என்னைக் கவனிப்பதில்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்துவிடாதீர்கள். கருவாடு பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு நாங்கள் எழுதியது இப்படி:

"என் மகன் விசைப்படகில் வேலை செய்கிறார். ஆடி மாதத்திலிருந்து பணம் தருவதில்லை. கண் பார்வை குறைந்ததால் என்னால் கருவாட்டு வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டு வாடகை 1,500, பால், காய், மளிகை 2,200, ஆஸ்பத்திரிக்குப் போய்வர 300 ஆகிறது. மாதம் 4,000 ரூபாய் பெற்றுத்தர வேண்டுகிறேன்."

இவ்வளவு போதும். எப்போதிருந்து, எதற்கு, எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலை வையுங்கள். மகனுடைய விலாசம், போன் நம்பர், எந்தப் படகு என்பதையும் எழுதுங்கள். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

சட்டப்படி உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். "பாடு இல்லை (மீன் கிடைக்கவில்லை), எங்கே கொடுக்க?" என்று மகன் சொல்லத்தான் செய்வார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது என்பதும் உண்மைதான். அதனால் தடைக்காலத்திலும் அவரால் புரட்ட முடிகிற தொகையைக் கேட்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். நிலைமை மாறினால் தொகையை மாற்றச் சொல்லிப் பிறகு கேட்கலாம்.

வீடு விஷயத்துக்கு வருவோம், இதுதான் என் வயிற்றைக் கலக்குவது. "எழுதிக் கொடுத்திரும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று மகன் சொன்னதும் தான செட்டில்மெண்டில் (வீட்டை இப்போதே பிள்ளை பெயருக்கு மாற்றும் பத்திரம்) கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, பிள்ளை பராமரிக்காமல் விட்டால், 60 வயசானவர்கள் 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்பு, பாசத்தால் கொடுத்தேன் என்பதற்குள்ளேயே அந்த நிபந்தனை அடக்கம் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். "என் ஆயுள் வரை சாப்பாடு, இருப்பிடம், வைத்தியம் பார்க்க வேண்டும், தவறினால் இப்பத்திரம் செல்லாது" என்ற வரியைப் பத்திர எழுத்தரிடம் கேட்டுச் சேர்த்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கைநாட்டு வையுங்கள். அதைவிட, உயில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மனு போனதும் மகனுக்கு நோட்டீஸ் போகும். முதலில் சமரசம் பேசலாம். சரி என்று ஒத்துக்கொண்டால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். அதுவரை பசிக்கு என்ன செய்ய? இடைக்காலத் தொகையும் கேட்டு அதே மனுவில் ஒரு வரி எழுதலாம். பிள்ளை துபாயிலோ சவூதியிலோ இருந்தாலும் சம்மன் அனுப்ப வழி உண்டு. உத்தரவு திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. கைவிட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யோசனை கேட்க 14567-க்குப் போன் செய்யுங்கள், காசு இல்லை.

உத்தரவு வந்தபின் மாதாமாதம் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாருங்கள். ஒரு மாதம் பணம் வராவிட்டால், கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி மனு கொடுக்க வேண்டும். வாரண்ட் போட்டு வசூல் செய்வார்கள். அப்படியும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் அந்தத் தவணைக்கு வாரண்ட் கிடைக்காது.